உள்ளங்கை வியர்வைக்குத் தண்ணீர்த் தட்டா, ஊசியா?

வங்கி கவுண்டரில் மைகாட்டை (மலேசிய அடையாள அட்டை) கொடுத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தால் என் ரேகை பதியாது. டிஷ்யூவில் துடைத்து மறுபடி வைப்பதற்குள் விரல் திரும்பவும் நனைந்துவிடும். பினாங்கு வெயில் மேல் பழி போட வழியில்லை, ஏர்கோன் அறையிலும் அதே கதைதான்.

வியர்வைக்குக் காரணம் தைராய்டு கோளாறு இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியான பிறகு, பார்மசியில் வியர்வையை அடக்கும் 20 சதவிகித அலுமினியம் குளோரைடு வாங்கினேன். இரவில் உலர்ந்த தோலில் பூசிக் காலையில் கழுவ வேண்டும். அக்குளுக்கு நன்றாகவே கேட்கிறது. உள்ளங்கைத் தோல் தடிமனானது, அங்கே எனக்கு எரிச்சல்தான் மிச்சம். வியர்வையைக் குறைக்கும் மாத்திரை வாயையும் உலர்த்தும். இந்த ஊர்ச் சூட்டில் உடம்பு முழுக்க வியர்வையை அடக்குவதும் நல்லதல்ல. நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையில் கை உடனே காயும். ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் வியர்வை கொட்ட ஆரம்பிக்கும், வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதனால் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

மிஞ்சியவை இரண்டு: போடோக்ஸ் ஊசி, தட்டுத் தண்ணீரில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் அயன்டோபோரசிஸ். ஊசி நான் போட்டுக்கொண்டதில்லை. அக்குளில் போட்டுக்கொண்ட மச்சான் புகழ்கிறான். உள்ளங்கையில் வலி அதிகம், பிடிமானம் சில நாள் தளரலாம் என்றார் டாக்டர். என்னைத் தடுத்தது வலியல்ல. நாலைந்து மாதத்தில் பலன் தீர்ந்துவிடும், மறுபடி பணம் கட்ட வேண்டும், அதுவும் வருடா வருடம்.

அயன்டோபோரசிஸ் கருவியின் விலை முதலில் கசக்கத்தான் செய்தது. ஆனால் ஒருமுறை வாங்கினால் அப்புறம் குழாய்த் தண்ணீர்தான் செலவு. இரண்டு தட்டில் தண்ணீர் ஊற்றி, மோதிரத்தைக் கழற்றி, கீறல் இருந்தால் வாசலைன் தடவி, கைகளை இருபது நிமிடம் வைத்திருக்க வேண்டும். மெல்லிய மின்சாரம் மணிக்கட்டு வரை குறுகுறுக்கும். நடுவில் கையை வெடுக்கென்று எடுத்தால் சுரீரென்று ஒரு ஷாக். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது.

முதலில் வாரத்துக்கு மூன்று முறை. மூன்றாவது வாரம் கை காய்ந்தது. இப்போது ஞாயிறு இரவு மட்டும். தீபாவளிக்கு ஈப்போ போய் இரண்டு ஞாயிறு விட்டேன், திரும்பி வந்தபோது ஸ்டியரிங் மறுபடி வழுக்கியது. சோம்பேறிகளுக்கு இந்தப் பராமரிப்பு ஒத்துவராது, அவர்கள் ஊசிக்கே போகலாம்.

பாதத்துக்கும் இதே தட்டுகள் போதும் என்கிறார்கள். நான் இன்னும் கால் வைக்கவில்லை.