சொருகித் திருப்பும் சாவியா, பொத்தான் ஸ்டார்ட்டா?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பழைய கார் வாங்குபவர்கள் என்ஜினையும் டயரையும் பார்க்கும் கவனத்தில் பாதியைக்கூடச் சாவிக்குக் கொடுப்பதில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் அடுத்த மாநிலம் என்றிருக்கும் நம் மாவட்டத்தில், தொலைந்த வண்டியைத் தேடுவதைவிடத் தொலையாமல் காப்பதே எளிது.

வெறும் உலோகச் சாவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பூட்டை உடைத்து வயர்களை இணைத்தால் வண்டி கிளம்பிவிடும்.

சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசர் என்னும் அமைப்பு உள்ள வண்டியில் அது நடக்காது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சிப் இருக்கிறது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் அதற்கு மின்சாரம் ஊட்டிக் குறியீட்டைக் கேட்கிறது. குறியீடு பொருந்தாவிட்டால் என்ஜின் ஓடக் கட்டுப்பாட்டுப் பெட்டி அனுமதிக்காது. ஆரம்பகாலச் சிப்புகள் எப்போதும் ஒரே எண்ணைச் சொன்னதால் அவற்றை நகலெடுக்க முடிந்தது. பின்னர் வந்தவற்றில் வண்டி ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றை அனுப்ப, சிப் தன் ரகசியத்தைக் கொண்டு கணக்கிட்டு விடை தருகிறது. அந்த விடையை ஒட்டுக்கேட்டாலும் மறுமுறை உதவாது. ஆனால் ரகசியம் குட்டையாக இருந்தால் ஆபத்துதான்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 40 பிட் (ரகசியத்தின் நீளம்) சிப்பை 2005இல் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள், ஹிடாக்2 என்ற 48 பிட் சிப் 2012இல் சில நிமிடங்களில் பணிந்தது. 128 பிட் ஏஇஎஸ் என்னும் குறியாக்க முறைக்கு மாறிய சாவிகள் வலுவானவை.

பொத்தான் ஸ்டார்ட்டிலும் கணக்கு இதே வகைதான். வேறுபாடு தூரத்தில் இருக்கிறது. சொருகும் சாவியின் சிப் சில சென்டிமீட்டருக்குள் மட்டுமே பேசும். சட்டைப்பையில் கிடக்கும் சாவியோ வண்டி கூப்பிட்டதும் தானாகவே பதில் சொல்வதால், திருடர்களில் ஒருவன் வீட்டருகிலும் மற்றொருவன் காரருகிலும் கருவியோடு நின்று சிக்னலைக் கடத்தினால் குறியீட்டை உடைக்காமலேயே வண்டி கிளம்பும். வாசற்கதவை ஒட்டிய ஆணியில் சாவியை மாட்டும் நம் வழக்கம் அவர்களுக்குப் பெரும் உதவி! அசையாமல் வைத்தால் பதில் சொல்லாமல் உறங்கிவிடும் புதிய சாவிகள் உண்டு. அந்த வசதி இல்லாத பழைய பொத்தான் வண்டியைவிட, சொருகித் திருப்பும் வலுவான சிப் சாவிக்கே நான் முதலிடம் தருவேன்.

அதற்கும் ஒரு செலவு உண்டு. பல்லை வெட்டினால் மட்டும் நகல் சாவி வேலை செய்யாது, வண்டியிலும் பதிய வேண்டும். ஆகவே விலை பேசும்போதே இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். பிறகு பட்டறையில் ஸ்கேனரை மாட்டி, எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று பார்த்து, கையில் இல்லாதவற்றை அழிக்கச் சொல்லுங்கள்.