காவாகாவா பொதுக் கழிப்பறை: கொத்தனார் அப்பா போட்ட மார்க்

கழிப்பறைக்கெல்லாமா விமர்சனம் என்று கேட்காதீர்கள். நியூசிலாந்தில் ஆக்லாந்திலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, காவாகாவா என்ற சின்ன ஊரில் இருக்கும் இதைப் பார்க்கத்தான் போனோம். கூட வந்தவர் அப்பா. தஞ்சாவூர்ப் பக்கம் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர்.

வாசல் தூண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பானைமேல் பானை வைத்ததுபோல் உப்பிய கலர் கலரான தூண்கள். "ரசமட்டத்தைத் தொலைச்சுட்டானா?" என்றார். கூரையில் புல் வேறு.

உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் சுவரில் டைல்ஸ் இடுக்கைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறார். நம்மூர் மொட்டைமாடியில் சைனா மொசைக் பதிப்போமே, அந்த மாதிரி உடைசல். ஆனால் வளைவோடு வளைவாக. "நேரா இருந்தா நூல் பிடிச்சு ஓட்டிடலாம்டா. இதுல ஒவ்வொரு துண்டையும் கையில வச்சுப் பார்த்துதான் ஒட்டணும். கூலி கட்டாது."

கட்டியவர் ஹுண்டர்ட்வாசர். 1928-இல் வியன்னாவில் பிறந்த ஓவியர். கட்டடக்கலை படித்தவரில்லை, நேர்க்கோடே ஆகாது அவருக்கு. 1970களில் இந்தப் பக்கம் நிலம் வாங்கி, மரம் நட்டு, இங்கேயே தங்கிவிட்டார். வியன்னாவில் அவர் பெயரில் பெரிய அடுக்குமாடி வீடே இருக்கிறது. இந்தச் சின்ன ஊருக்குச் செய்து கொடுத்ததோ கக்கூஸ். 1999-இல் திறந்தார்கள், அடுத்த பிப்ரவரியில் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகும்போது இறந்துபோனார். பெட்டியில் வைக்காமல் அவர் நிலத்திலேயே, ஒரு மரத்தடியில் புதைத்தார்கள்.

செங்கல் இடித்த பேங்க் கட்டடத்திலிருந்து வந்தது. டைல்ஸ் சிலவற்றை உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் பாட்டில்களை அடுக்கியிருக்கிறார். வெயில் ஏறியதும் உள்ளே பச்சையும் பழுப்புமாக வெளிச்சம். என் டைல்ஸ் வேலையில் இப்படி ஒரு சுவர் வாடிக்கையாளரிடம் காட்டினால் பணம் தரமாட்டார்.

குறை என்றால் கூட்டம்தான். டூர் பஸ் வந்ததும் வாசலில் போன் நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவசரமாகப் போகிறவர் பாடு திண்டாட்டம். உள்ளே போகக் காசு கிடையாது. பெரிய தெருவின் நடுவே தண்டவாளம் போகிறது, பார்த்து நிறுத்துங்கள்.

நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அப்பா ஐந்து. திரும்பும் வழியில் ஃபாங்கரே ஊரில் ஹுண்டர்ட்வாசர் வரைந்த திட்டப்படி 2022-இல் திறந்த கலைக்கூடம் இருக்கிறது. டிக்கெட் விலையை விசாரித்துவிட்டு அப்பா வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.