மூணு கதவு வார்ட்ரோப்: ஏழு வருஷம் வைத்திருந்தேன், ஐந்து வாரம் வெளியேற்றினேன்

ஆபீஸில் பக்கத்து சீட்டுத் தங்கச்சி இன்று ஒரு படம் அனுப்பினாள். "அக்கா, உங்க வீட்ல இருந்த அதே வார்ட்ரோப்தானுங்க இது? ரூ.11,999-க்கு இறங்கியிருக்கு. வாங்கலாமுங்களா?"

அதேதான். வால்நட் கலர், நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி, உள்ளே சின்னதாக ஒரு லாக்கர். 2017-இல் நான் ரூ.14,500 கொடுத்தேன். "வாங்கு" என்று அடித்து அழித்தேன். "வாங்காதே" என்று அடித்து அதையும் அழித்தேன். கடைசியில், சாயங்காலம் சொல்றேன் என்று மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் போய் ராத்திரி ஆகிவிட்டது, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். ஏழு வருஷத்தில் அந்தக் கதவுகள் ஒருநாள்கூடச் சாயவில்லை. கீல் சத்தம் கிடையாது. பட்டுப்புடவைகள், பிள்ளைகளின் யூனிஃபார்ம், வீட்டுக்காரர் ஒருதரம்கூடப் போடாத கோட்டு எல்லாவற்றையும் தாங்கியது. என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த இரும்பு பீரோவைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும். இது பூனை மாதிரித் திறக்கும். கொடுத்த காசுக்கு உழைத்ததா என்றால் உழைத்தது. சண்டைக்கு வரவேண்டாம்.

2024 ஐப்பசி மழையில் ஜன்னலோரமாக நீர் இறங்கி, இரண்டு நாள் நாங்கள் கவனிக்கவில்லை. அடிப்பலகை டீயில் நனைத்த வர்க்கி மாதிரி ஊதிவிட்டது. தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். தூள் கொட்டியது. "இது மரமில்லீங்க. மரத்தூளுக்குப் பசை போட்டு அழுத்தின அப்பளம். நான் இதுல என்னத்தப் பண்றது?" என்றார். அடியை மட்டும் மாற்ற முடியாதா என்றேன். ஒரு திருகைக் கழற்றி மறுபடி போட்டுக் காட்டினார். சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. பார்ட்டிகிள் போர்டில் திருகு முதல்தரம் ஏறுவதுதான் ஏற்றம். கழற்றினால் அந்த ஓட்டை போச்சு. எனக்கு வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். அத்தை கீழ்வீட்டைக் காலி செய்த சமயம் அது. அதனால் வார்ட்ரோப்போடு சேர்த்து அந்த இரும்பு பீரோ, வாகை மரக்கட்டில், ரெக்சின் கிழிந்த சோபா ஒன்று என்று வெளியே போகவேண்டிய பட்டியல் நீண்டிருந்தது.

கட்டில் அரைநாளில் போனது. அதற்கு ஒரு கால் ஆட்டம், தலைமாட்டில் ஒரு விரிசல். பழைய மரச்சாமான் வாங்குகிறவர் வந்து, அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "தேக்குன்னு சொல்லாம வாகைன்னே சொன்னீங்களே, அதுக்கே நூறு ரூபா சேர்த்துத் தர்றேன்" என்று சிரித்தார். பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் எல்லோர் வீட்டுக் கட்டிலும் ஆனைமலைத் தேக்குதானாம். டாப்சிலிப்பில் வெட்டிய மரத்தையெல்லாம் அந்தக் காலத்தில் மலைச்சரிவில் உருட்டிவிட்டார்கள், அதனால்தான் அந்த இடத்துக்கு அந்தப் பேர். இவர்கள் சொல்கிற கணக்கைப் பார்த்தால் உருண்டதெல்லாம் நேராக எங்கள் ஊருக்குள்தான் வந்து நின்றிருக்க வேண்டும். ரூ.3,500 கொடுத்தார். ஐம்பது வருஷம் படுத்து எழுந்த கட்டில்.

இரும்பு பீரோ எடைக்குப் போனது. 58 கிலோ, கிலோ 28 ரூபாய், ரூ.1,624. எடை போட்டதை நின்று பார்த்தேன். துருப்பிடித்துக் கிறீச்சிட்ட கழுதை, கடைசியில் காசு கொடுத்துவிட்டுப் போனது. சோபாவைக் குஷன் வேலை செய்கிற பையன் ஒருவன் சட்டத்துக்காக எடுத்துக்கொண்டான். உள்ளே ரப்பர்மரம், மறுபடி துணி போடலாம் என்றான்.

மிச்சம் நின்றது வார்ட்ரோப்.

பழைய பொருள் விற்கிற ஆப்பில் ரூ.4,000 என்று போட்டேன். நாலாம் நாள் ஒரு போன். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், புதிதாக மாற்றலாகி வந்திருப்பதாகவும், பொருளைப் பார்க்கவேண்டியதில்லை, முழுப்பணமும் இப்போதே அனுப்புகிறேன் என்றும் ஹிந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னார். ஒரு க்யூஆர் கோடு வந்தது, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் ஏறிவிடுமாம். அடிப்பலகை ஊதின அலமாரிக்குப் பேரம் பேசாமல் நாலாயிரம் தருகிற ஆளைக் கண்டால் சந்தேகம் வரத்தானே வேண்டும்? பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். எனக்குத் தெரிந்திருந்தது, பிழைத்தேன். ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடித்துச் சொல்ல வேண்டும். விலையை ரூ.2,000 ஆக்கினேன். பிறகு ரூ.500. பிறகு இலவசம். இலவசம் என்று போட்டதும் பதினோரு பேர் கேட்டார்கள், இரண்டு பேர் நேரில் வந்தார்கள், இரண்டு பேரும் அடியைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் கேட்டேன். எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிற இடம் இது. அவர் கதவைத் திறந்து, உள்ளே தடவிப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார்: "வேண்டாங் கண்ணு. எங்களுது ஓட்டு வீடு, ரெண்டு மழைக்கு ஒழுகும். இது உங்க வீட்லயே தாங்கல." ஓசியில் கொடுத்தால் யாரும் வாங்கிக்கொள்வார்கள் என்று நான் நினைத்திருந்தது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

முதியோர் இல்லம் ஒன்றுக்கும் போன் செய்தேன். படம் அனுப்பச் சொன்னார்கள், பார்த்துவிட்டு, கட்டிலோ பிளாஸ்டிக் நாற்காலியோ இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். கட்டிலை விற்றுத் தின்றுவிட்டு அலமாரியை நீட்டியவள் நான். தானம் கொடுக்கிறவர்கள் முதலில் படம் அனுப்பிக் கேளுங்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நின்றால் அவர்களால் மறுக்கவும் முடியாது, வைக்கவும் இடமிருக்காது.

அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. கொல்லைப்புறத்தைக் காட்டினார். "பொடக்காணில போட்டு ஒரு தீக்குச்சி கிழிச்சா முடிஞ்சுது அம்மிணி. போகி வேற வருது." நம் பக்கம் போகிக்குக் கொளுத்துகிற வழக்கம் ஏது? பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுவதுதானே? அதைச் சொன்னேன். "டிவில கொளுத்தறாங்கல்ல" என்றார். பார்ட்டிகிள் போர்டை ஒட்டுவது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, மேலே ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் மாதிரித் தாள். விறகு என்று நினைத்து எரித்தால் கண்ணும் தொண்டையும் எரிகிற புகை வரும். அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அத்தையிடம் பசை பேரைச் சொல்லாமல் குழந்தையைச் சொன்னேன், விட்டுவிட்டார்.

பிறகு குட்டியானை ஓட்டுகிற ஒருவர். ரூ.800 கேட்டார். "ராத்திரி வந்து எடுத்துக்கறேனுங்க."

"எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?"

"அதப்பத்தி உங்களுக்கென்னுங்க?"

எனக்குத் தெரியும் எங்கே என்று. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேட்டில் யாருடையதோ மெத்தையும் ஒரு சோபாவும் மாசக்கணக்கில் வானம் பார்த்துக் கிடக்கின்றன. 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தெளிவாக இருந்தது: தெருவிலோ பொது இடத்திலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ போடக்கூடாது, எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாது, பொறுப்பு குப்பைக்குச் சொந்தக்காரருடையது. உண்மையைச் சொன்னால், அந்த ராத்திரி எனக்கு ஆசை வந்தது. 800 ரூபாயில் தொல்லை விட்டது என்று பர்ஸைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது வீட்டுக்காரர் அலமாரியின் முதுகைக் காட்டினார். ஏழு வருஷத்துக்கு முந்தைய டெலிவரி ஸ்டிக்கர், என் பேர், விலாசம், போன் நம்பரோடு ஒரு எழுத்துக்கூட அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அடிப்பலகைக்கு அந்தப் பசையைப் போட்டிருக்கலாம்.

கடைசியில் வழி கிடைத்தது மிகச் சாதாரணமான இடத்தில். காலையில் குப்பை வண்டியோடு வருகிற அம்மாவிடம் கேட்டேன். அவர் மேற்பார்வையாளர் நம்பரைக் கொடுத்தார். மேற்பார்வையாளர் சொன்னது இவ்வளவுதான்: முழுசாக ஏற்ற முடியாது; கழற்றி, ஒரு ஆள் தூக்குகிற எடைக்குக் கட்டுக்கட்டாகக் கட்டி, உலர் குப்பை எடுக்கிற நாளில் மூன்று தவணையாகக் கொடுங்கள். காசு கிடையாது. அத்தனை நாள் அலைந்ததற்குப் பதில் முதல் நாளே அந்த அம்மாவிடம் வாயைத் திறந்திருக்கலாம். உங்கள் ஊரில் முறை வேறாக இருக்கலாம், ஆனால் கேட்கவேண்டிய ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழற்றினோம். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தூள் மூக்கில் ஏறுகிறது. மொத்தம் நூறு கிலோவுக்குக் குறையாது. திருகு, கீல், கைப்பிடி, பூட்டு எல்லாவற்றையும் தனியே எடுத்தோம், பழைய இரும்புக் கடையில் ரூ.140 கிடைத்தது. பின்பலகையில் அடித்திருந்த ஸ்டேப்பிள் பின்களைக் குறடு வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். தூக்குகிறவர்கள் கையில் குத்தக்கூடாது. தேங்காய்நார்க் கயிற்றால் பதினோரு கட்டு. மூன்று புதன்கிழமை.

இதெல்லாம் எங்கே போகும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். மறுசுழற்சிக்கு ஆகாத, ஆனால் நன்றாக எரிகிற குப்பையைப் பிரித்து சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புவார்கள் என்றார். கிலோவுக்கு 1,500 கிலோ கலோரியும் அதற்கு மேலும் வெப்பம் தருகிற அப்படிப்பட்ட குப்பையைக் கிடங்கில் கொட்டக்கூடாது என்பதும் அதே 2016 விதிகளில் இருந்தது. சிமெண்ட் சூளையின் 1,400 டிகிரிச் சூட்டில் அந்தப் பசை மிஞ்சாது. அத்தையின் பொடக்காணித் தீக்கு அந்தச் சக்தி கிடையாது.

தங்கச்சிக்கு என்ன சொல்ல? பத்துக்கு எட்டு மார்க் தருவேன். வாங்காதே. அதே காசுக்கு இரும்பு பீரோ வாங்கு, கிறீச்சிட்டால் எண்ணெய் விடு. இல்லை, வாடகை வீடு, மாடிப்படி குறுகல், மூணு கதவும் கண்ணாடியும் வேண்டும் என்றால், சரி, வாங்கு. அடியில் நாலு அங்குலத்துக்கு ஸ்டாண்டு போடு, வீடு கழுவும்போது பக்கத்திலேயே நில்லு. காலையில் இதை எழுதியிருந்தால் வாங்கு என்பதோடு நிறுத்தியிருப்பேன். இப்போது ராத்திரி பத்தரை, முதுகு வலி அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை.

கண்ணாடிக் கதவை மட்டும் கொடுக்கவில்லை. பலகையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், பிரித்தால் உடையும், உடைந்தால் யார் கையையாவது கிழிக்கும். பொடக்காணிச் சுவரில் முருங்கைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். இரண்டாம் நாள் காலையில் டக் டக் என்று சத்தம். தோட்டத்துப் பக்கமிருந்து வருகிற ஆண்மயில் ஒன்று கண்ணாடிக்கு முன்னால் நின்று, உள்ளே இருக்கிற மயிலைக் கொத்திக்கொண்டிருந்தது. கொத்தும், பின்வாங்கும், தோகையை விரிக்கும், அவனும் விரிப்பான், மறுபடி கொத்தும். அத்தை ஆறரை மணிக்கே நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு காபியோடு உட்கார்ந்துவிடுகிறார். கதவை எடுத்துவிடலாமா என்று கேட்டால், "கெடந்துட்டுப் போகுது, உடு" என்கிறார்.