கூலி அரவையா, சொந்த இயந்திரமா: மசாலாத் தொழிலில் முதல் பணத்தை எங்கே போடுவது?

கொளத்தூரில் மசாலாப் பொடித் தொழிலைத் தொடங்கியபோது என் கையில் ஆறு லட்சம் ரூபாய் இருந்தது. அரவை இயந்திரம் வாங்கி ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடிப்பது ஒரு வழி; மில்லில் கூலி கொடுத்து அரைத்து, பொட்டலம் போடுவதை மட்டும் நாமே செய்வது மற்றொரு வழி. நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதையே பரிந்துரைக்கிறேன்.

சொந்த இயந்திரத்தின் நன்மைகளை எல்லோரும் அறிவர். வேண்டிய நேரத்தில் அரைக்கலாம், பண்டிகைக் காலத்தில் மில்லில் காத்திருக்க வேண்டாம், பக்குவமும் நம் கையிலேயே இருக்கும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நகர்ப்புறப் பொதுப்பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 15 சதவீத மானியம் உண்டு என்பதும் பலரை இயந்திரத்தின் பக்கம் இழுக்கிறது. ஆனால் அந்த மானியம் மூன்றாண்டுகள் வங்கியிலேயே தனிக் கணக்கில் இருக்கும். தொடக்க மாதங்களில் கைச்செலவுக்கு வராது.

என் முடிவைத் தீர்மானித்தது சரக்கிலும் கடைகளுக்குத் தரும் கடனிலும் முடங்கும் பணம்தான். இயந்திரம், வறுக்கும் சாதனம், மும்முனை மின் இணைப்பு, பதினைந்தாயிரம் வாடகைக்குப் பத்து மாத முன்பணம் என்று கணக்கிட்டபோது நாலரை லட்சம் ஆயிற்று. மிச்சம் ஒன்றரை லட்சம். மாதம் 300 கிலோ பொடி விற்றால் ஏறக்குறைய 84 ஆயிரம் ரூபாய் வரவேண்டும், ஆனால் மளிகைக் கடைக்காரர்கள் 45 நாள் கழித்தே பணம் தருவதால், எந்த நேரத்திலும் ஒன்றேகால் லட்சம் கடைகளிலேயே நின்றுவிடும். பிறகு மிளகாய் வாங்க என்ன இருக்கும்?

மிளகாய் வற்றலும் மல்லியும் ஆண்டு முழுவதும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. குண்டூர் மிளகாயும் இராமநாதபுரம் முண்டு மிளகாயும் அறுவடை முடிந்து சந்தைக்கு வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மொத்தமாக வாங்கி, கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்து மூட்டை கட்டிக்கொண்டால்தான், வடகிழக்குப் பருவமழையில் விலை ஏறும்போதும் அதே விலையில் பொடியைத் தர முடியும். எடைத் தராசு, பொட்டலத்தை ஒட்டும் இயந்திரம், பைகள் எல்லாம் சேர்த்து எனக்கு எழுபதாயிரத்துக்குள் முடிந்தது. அதனால்தான் முதல் கோடையிலேயே சவுகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மூன்று லட்சத்துக்குச் சரக்கு எடுக்க முடிந்தது. அந்த ஒரு கொள்முதல்தான் முதலாண்டு முழுவதும் என்னைத் தாங்கிப் பிடித்தது.

கூலி கிலோவுக்கு 20 ரூபாய். 300 கிலோவுக்கு மாதம் 6,000. சொந்தக் கொட்டகை என்றால் வாடகை, ஓர் ஆளின் சம்பளம், மின்கட்டணம், சல்லடையும் பெல்ட்டும் மாற்றும் செலவு எல்லாம் சேர்ந்து, அரைத்தாலும் அரைக்காவிட்டாலும் 34 ஆயிரம் போய்விடும். மாதம் 1,700 கிலோவைத் தொடும்வரை கூலி அரவையே மலிவு.

கூலி அரவையில் குறைகளும் உண்டு. நமக்கு முன் அரைத்தவரின் வெந்தயமோ அரிசியோ இயந்திரத்தில் தங்கியிருக்கும் என்பதால், முதல் இரண்டு கிலோவை நான் விற்பனைக்கு எடுப்பதில்லை. பொடி சூடாக வருவதால், விரித்து ஆறவைத்த பிறகே பையில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே வியர்த்துக் கட்டிதட்டும். மிளகாய்க்குத் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லையே தேட வேண்டும். அந்த மில்லுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று நேரில் பார்த்து, நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் 300 கிலோவிலிருந்து 500 கிலோ வரையிலான அளவைச் சேர்ந்தது. அதற்கு மேல் நான் சொல்வது கணக்கே தவிர, கண்டறிந்ததன்று. பண்டிகைக்கு முந்தைய வாரம் மில் வரிசையில் நின்ற நாட்களில் சொந்த இயந்திரத்துக்கு மனம் ஏங்கியதும் உண்மை. எனினும் மாதம் 1,700 கிலோவை எட்டும்போது நான் முதலில் வாங்கப்போவது வறுக்கும் சாதனத்தைத்தான். சாம்பார்ப் பொடியின் மணம் பெரும்பாலும் வறுப்பில்தான் அமைகிறது. அரவையை இன்னும் சில காலம் மில்லிலேயே செய்துகொள்ளலாம்.