கடப்பாக்கல் அலமாரிக்குள் நானே பொருத்திய இழுப்பறைகள்: நான்கு ஆண்டு அனுபவம்

திருச்சியில் 1990களின் இறுதியில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். அக்காலப் பழக்கப்படி, சமையல் மேடைக்குக் கீழே கடப்பாக் கற்களை நிறுத்தி அறைகளாகப் பிரித்து, முன்புறம் மரச்சட்டம் அடித்து இரட்டைக் கதவு போட்டிருந்தார்கள். உள்ளே ஆழம் 22 அங்குலம். முன்னால் இருக்கும் பாத்திரம் கைக்கு எட்டும். பின்னால் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் முன்வரிசை முழுவதையும் தரையில் இறக்கி வைக்க வேண்டும். மூட்டுவலி உள்ள என் அம்மா, குக்கரை எடுப்பதற்காக ஒவ்வொரு நாளும் தரையில் உட்கார்ந்து, மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், மரவேலையில் முன்பழக்கம் எதுவும் இல்லாத நான் 2021 ஆகஸ்டில் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதலில் தட்டு அடிக்கலாம் என்றே நினைத்தேன். ஆனால் இத்தனை ஆழமான அறையில் தட்டு அடித்தால் இருட்டான பின்பகுதி ஒன்றுக்கு இரண்டாகுமே தவிர, குனியும் வேலை குறையாது. மேடைக்குக் கீழே இழுப்பறை, சுவரில் மாட்டிய ஆழம் குறைந்த அலமாரிகளில் தட்டு என்று பிரித்துக்கொண்டேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை.

கடப்பாக் கல்லில் துளை போட்டு, இழுப்பறை முன்னும் பின்னும் ஓடுவதற்கான உலோகத் தடமாகிய சேனலை நேரடியாகப் பொருத்தும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே கைவிட்டேன். அது படலம் படலமாக அமைந்த கல்; விளிம்பை ஒட்டித் துளையிட்டால் செதிலாகப் பெயர்ந்துவிடும். மேலும் மேடையின் கிரானைட் பாரம் முழுவதையும் அந்த நிறுத்துக் கற்களே தாங்குகின்றன. ஆகவே கல்லைத் தொடாமல், அறைக்குள் தானாக நிற்கும் ஒரு பலகைக் கூட்டை வைத்து, அதில் சேனல்களைப் பொருத்துவது என்று தீர்மானித்தேன். பலகைக்கு 18 மி.மீ. தடிமனுள்ள, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை கொண்ட, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்கினேன். இந்தத் தரத்துப் பலகையின் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டு அதன் பசையைச் சோதிப்பார்கள். அடுக்களைத் தரையை வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் இதற்குக் குறைந்த தரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டின் பக்கப் பலகைகள் தரையைத் தொடாதபடி, கிரானைட் கடையில் கிடைத்த 20 மி.மீ. துண்டுக் கற்களை அடியில் வைத்தேன். நான்கு ஆண்டுகளாகியும் பலகையின் அடிப்பகுதி உப்பாமல் இருப்பதற்கு அந்தச் சிறு கற்களே முக்கியக் காரணம்.

இனி அளவுக்கு வருகிறேன். புதிதாகச் செய்பவர் தடுமாறும் இடம் இதுவே. அறையின் அகலத்தை முன்புறம் அளந்தபோது 610 மி.மீ. இருந்தது. பின்சுவரை ஒட்டி அளந்தபோது 601 மட்டுமே கிடைத்தது. பழைய கட்டடங்களில் கல்லும் பூச்சும் ஒருபோதும் மூலைமட்டத்துக்கு அமைவதில்லை. எனவே மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், முன், பின் என இரண்டு ஆழங்களிலும் அளந்து, கிடைத்ததில் மிகச் சிறிய அளவுக்கே கூட்டைச் செய்ய வேண்டும். எஞ்சும் இடைவெளியில் ஆப்பு வைத்து இறுக்கிக்கொள்ளலாம். நான் கூட்டின் வெளி அகலத்தை 598 என வைத்தேன். பக்கப் பலகைகள் போக உள்ளகலம் 562. டெலஸ்கோபிக் சேனல் பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது சற்றேறக்குறைய 13 மி.மீ. எடுத்துக்கொள்ளும் என்பதால், இழுப்பறையின் அகலம் 536 என்று கணக்கிட்டேன். மரச்சட்டத்தின் நடுவே 560 மி.மீ. இடைவெளி இருந்ததால் இழுப்பறை தாராளமாக வெளியே வரும் என்று நம்பினேன். சட்டத்துக்குள் முழுக் கூடு நுழையாது என்பதால், பலகைகளைத் தனித்தனியாகச் சாய்த்து உள்ளே கொண்டுபோய், அங்கேயே மண்டியிட்டுத் திருகினேன்.

இரண்டு நாள் உழைப்புக்குப் பின் இழுப்பறையை முதன்முதலாக இழுத்தபோது, அது கதவின் உட்புறத்தில் இடித்து நின்றது. பழைய வார்ப்புக் கீல் போட்ட கதவைச் சட்டத்தோடு ஒட்டிப் பின்னால் மடக்கினால் வழி கிடைக்கும். நேராகத் திறந்து நிறுத்தினால், கதவின் 19 மி.மீ. தடிமன் இரு பக்கமும் வழியை அடைத்துக்கொள்ளும். “கதவை முழுசா மடக்க இங்க எங்கடா இடம் இருக்கு? இந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் நிக்குதே,” என்றார் அம்மா. ஆம், எங்கள் அடுக்களையில் அந்தக் கதவு நேராக நிற்கும் அளவுக்குத்தான் திறக்கும். எனக்குக் கிடைத்த உண்மையான வழி 560 அல்ல, 522. இழுப்பறையைப் பிரித்து 510 மி.மீ. அகலத்துக்கு வெட்டித் திரும்பக் கூட்டினேன். சேனலுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு 12 மி.மீ. பிளைவுட் பட்டையும் அதன்மேல் 1 மி.மீ. மைக்காவும் வைத்து உள்ளே தள்ளினேன். தச்சர்கள் இதைப் பேக்கிங் என்பார்கள். கதவுள்ள அலமாரிக்குள் இழுப்பறை வைக்க விரும்புவோர், வீட்டில் கதவை வழக்கமாக எவ்வளவு திறக்கிறார்களோ அந்த நிலையில் அதை நிறுத்திவைத்து, அப்போது கிடைக்கும் வழியை அளந்த பிறகே பலகை அறுக்கக் கொடுக்க வேண்டும்.

பலகையை அறுப்பதற்கு நான் வாள் எதுவும் வாங்கவில்லை. பிளைவுட் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்கினேன். டிரில் மெஷின், மூலைமட்டம், ரசமட்டம், இரண்டு கிளாம்ப் ஆகியவை போதுமானவையாக இருந்தன. பிளைவுட்டின் விளிம்பில் திருகு இறக்குமுன் அதைவிடச் சிறிய துளை ஒன்றைப் போடாவிட்டால் அடுக்குகள் பிளந்துவிடும். பெட்டியைக் கூட்டிய பின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று பசை காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும். அவை வேறுபட்டால் இழுப்பறை சேனலில் இறுகும்.

பயன்பாட்டில் கண்ட குறைகளையும் சொல்ல வேண்டும். கீழ் இழுப்பறையில் இரண்டு குக்கர், இட்லிப் பானை, இரும்புத் தோசைக்கல் ஆகியவற்றை வைத்தோம். சேனல் ஜோடி 45 கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது, தாங்கவும் செய்தது. ஆனால் அடிப்பலகைக்கு நான் போட்ட 6 மி.மீ. பிளைவுட் எட்டே மாதத்தில் நடுவில் தொய்ந்தது. அதை 12 மி.மீ. பலகையாக மாற்றிய பிறகு தொய்வே இல்லை. தடிமன் இருமடங்கானால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு. சுவர் அலமாரியில் மூன்றடி நீளத்துக்கு அடித்த தட்டும் பருப்புச் சம்படங்களின் பாரத்தில் இதேபோல் வளைந்தது. அதன் முன்விளிம்பின் அடியில் 40 மி.மீ. பட்டையை நிறுத்துவாக்கில் ஒட்டித் திருகியதும் நிமிர்ந்துவிட்டது.

மேல் இழுப்பறையில் அஞ்சறைப் பெட்டியும் ரவை, கடுகு டப்பாக்களும் இருக்கின்றன. சிந்திய கடுகு சேனலின் குண்டுகளுக்கிடையில் புகுந்து கரகரக்கும். எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நினைத்து விட்டேன். மாவுத் தூசி அதில் படிந்து பசையாக மாறியது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இழுப்பறையைக் கழற்றி, சேனலை உலர்ந்த தூரிகையால் சுத்தம் செய்து, தையல் மெஷின் எண்ணெயை ஒரே சொட்டு தொட்டு வைக்கிறேன்.

சிலிண்டர் இருக்கும் அறையில் கைவைக்கவில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே அந்த அறையின் அடிப்பகுதி திறந்திருப்பதும், ரெகுலேட்டருக்குக் கை உடனே எட்டுவதும் எந்த வசதியையும்விட அவசியம்.

மொத்தச் செலவு, வீணான பலகையும் சேர்த்து, 9,400 ரூபாய் ஆனது. சென்ற மாதம் கீழ் இழுப்பறையின் இடது சேனலில் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. துளைக்குள் பசை தடவிய தீக்குச்சிகளை இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, அதே இடத்தில் திருகை மீண்டும் முடுக்கினேன். மறுநாள் காலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை இழுத்து, பின்வரிசையில் இருந்த சிறிய குக்கரை எடுத்து மேடைமேல் வைத்தார்.