மிளகாய் மில்லுக்கு அடியில் மூன்று செட் ரப்பர்: ஆறு ஆண்டு அனுபவம்

மதுரை செல்லூரில் எங்கள் மில் இருக்கும் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. மிளகாய்ப்பொடியும் மல்லிப்பொடியும் அரைக்கும் பல்வரைசர் இயந்திரம், மோட்டார், இரண்டையும் தாங்கும் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 300 கிலோ. சட்டத்துக்கு ஆறு கால்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு அலமாரியைக் காட்டினார். “பாருங்கள் தம்பி, உங்கள் மில் ஓட ஆரம்பித்தால் என் தம்ளர்கள் நடக்க ஆரம்பித்துவிடுகின்றன.” உண்மைதான், ஓரத்து எவர்சில்வர் தம்ளர் என் கண் முன்னாலேயே ஒரு விரற்கடை நகர்ந்தது.

மறுநாளே கடைக்குப் போய், அதிர்வைக் குறைக்கக் கால்களுக்கு அடியில் மாட்டும் ரப்பர் மவுண்ட்களில் இருப்பதிலேயே உயரமானவையாகப் பார்த்து வாங்கினேன். 40 மி.மீ. விட்டம், 60 மி.மீ. உயரம், மேலும் கீழும் தகடும் போல்ட்டும் வைத்தவை. உயரம் கூடினால் மெத்தென்று இருக்கும் என்பது என் கணக்கு. கணக்கு தப்பில்லை, தம்ளர்கள் நின்றன. எட்டாம் மாதம் சட்டத்துக்கு அடியில் பெருக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். கோரிப்பாளையம் சிக்னலில் சட்டென்று பிரேக் போட்ட டவுன் பஸ்ஸில் நிற்பவர்களைப் போல ஆறு மவுண்ட்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அடுத்த வாரம் பொடி போகும் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அன்றைக்குத் தெருவே தும்மியது.

இந்த இடத்தில் என் புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சாயாமல் இருக்கட்டும் என்று இரும்புக் குழாயைத் துண்டு போட்டு, ஒவ்வொரு ரப்பரையும் சுற்றி இறுக்கமாக மாட்டினேன். சாய்வது நின்றது. தம்ளர்கள் மறுபடி நடந்தன. ரப்பர் கருங்கல் மாதிரி ஆகிவிட்டது.

காரணம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் வார்க்கும் ஒருவரிடம் போனபோதுதான் விளங்கியது. அவர் என் பழைய மவுண்ட் ஒன்றை வைஸில் வைத்து மெதுவாகத் திருகினார். முதலில் நடுவில் பீப்பாய்போலத் தொப்பை விழுந்தது. இன்னும் இரண்டு திருகுதான், இடுப்பு வெட்டி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. “அண்ணே, ரப்பர் சுருங்காது, இடம்தான் மாறும்” என்றார். பரோட்டா உருண்டையை உள்ளங்கையால் அமுக்குவது போலத்தான். உயரம் குறைந்த அளவுக்கு அகலம் கூடியாக வேண்டும், கன அளவு அப்படியே இருக்கும். பக்கவாட்டில் போக வழி விடாமல் அடைத்துவிட்டால், ரப்பரை நசுக்குவதும் தண்ணீரை நசுக்குவதும் ஏறத்தாழ ஒன்றுதான். நான் குழாய் மாட்டிச் செய்தது அதைத்தான். பிதுங்க விட்டால் மெத்தென்று இருக்கிறது, ஆனால் ஒல்லியாக உயர்ந்திருந்தால் பிதுங்குவதோடு நிற்காமல் மடங்கிவிடுகிறது.

அவர் பேச்சைப் பாதி கேட்டு, 75 மி.மீ. அகலம், 25 மி.மீ. உயரம் என்று குட்டையான தட்டைகளை வாங்கி வந்தேன். சாய்வுக்கு வழியே இல்லை. ஆனால் சுமை ஏற்றிய பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டாரின் அதிர்வு குறையாமல் தரைக்குப் போனது. மூன்றே மாதத்தில் கழற்றினேன்.

மீதிப் பாதியைக் கேட்கத் திரும்பவும் கப்பலூர். ரப்பரின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தகட்டோடு ஒட்டியிருப்பதால் அங்கே விரிய முடியாது, சுற்றியிருக்கும் விளிம்பு மட்டும்தான் பிதுங்கும். அதனால் சுமை தாங்கும் பரப்பை, பிதுங்க வழியுள்ள பக்கப் பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றார். உருளைக்கு அது விட்டத்தை நான்கு மடங்கு உயரத்தால் வகுப்பதுதான். என் ஒல்லி மவுண்டுக்கு 0.17 வந்தது, தட்டைக்கு 0.75. எண் ஏற ஏறக் கடினமும் ஏறும். பாலத்தின் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே வைக்கும் ரப்பர் தாங்கிகளில் இடையிடையே இரும்புத் தகடு அடுக்குவது இதற்காகத்தான்: ஒவ்வோர் அடுக்கும் மெலிதாகிவிட்டால் பிதுங்க இடமில்லாமல் பெருஞ்சுமையைத் தாங்கும், பக்கவாட்டில் மட்டும் இளகிக்கொடுக்கும். எனக்குப் பாலம் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ஒன்று போதும். 50 மி.மீ. விட்டம், 35 மி.மீ. உயரம், எண் 0.36. அதையே அவர் வார்த்துக் கொடுத்தார்.

அவைதான் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகின்றன. முதல் நாள் மூன்றரை மி.மீ. இறங்கின, இப்போது ஐந்து. தொப்பையின் நடுவில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் 56 மி.மீ. காட்டுகிறது. எதுவும் சாயவில்லை. பார்க்க வேண்டிய இடம் தொப்பையின் நடு அல்ல, அது தகட்டின் விளிம்பில் மடிந்து உட்காரும் இடம். அந்த மடிப்பில் மிளகாய்த்தூள் சிவப்புக் கோடாகப் படிகிறது. துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பார்ப்பேன், வெடிப்பு அங்கேதான் முதலில் வரும். பேரிங் பக்கத்து மவுண்ட் ஒன்று மட்டும் கிரீஸ் சொட்டி ஊறிப் பிசுபிசுத்தது. இயற்கை ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது, அதற்குப் பதில் நைட்ரைல் ரப்பரில் வார்த்து மாட்டினேன்.

ஒரு குறை உண்டு. மில்லை நிறுத்தும்போது, வேகம் இறங்கி வரும் வழியில் இரண்டு மூன்று நொடி சட்டம் முழுவதும் உலுக்கி அடங்குகிறது. குழாய் இணைப்பில் கித்தான் உறை போட்டுச் சமாளித்துவிட்டேன். அந்த உலுக்கலில்தான் நாங்கள் கடை கட்டுவது தெரிகிறது என்கிறார் அக்கா.