வார ஊசி செமக்ளூடைட்: ஒரு வருடத்துக்கு மேல் போட்டுப் பார்த்ததில்

எடை குறைஞ்சுதா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். குறைந்தது. ஆனால் எடை மெஷின் காட்டுவதற்கு முன்னாடியே எனக்குத் தெரிந்தது வேறு: சாப்பிட்டு முடித்த கையோடு அடுத்து என்ன சாப்பிடலாம் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்த நினைப்பு அடங்கிவிட்டது. பாதித் தட்டிலேயே போதும் என்று தோன்றும், அதற்கு மனக்கட்டுப்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

இதைக் கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று விற்பவர்கள் மீது எனக்குக் கடுப்புதான். அப்படி எதையும் இது கரைப்பதில்லை. சாப்பிட்டதும் நம் குடலே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், போதும் என்று மூளைக்குச் சொல்லும், ஆனால் ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். செமக்ளூடைட் அதே வேலையைச் செய்துகொண்டு உடம்பில் நாள்கணக்கில் தங்குகிறது, ஒரு வாரம் கழித்துத்தான் பாதியாகக் குறையும். அதனால்தான் வாரம் ஒரு ஊசி. மற்றபடி குறைவாகச் சாப்பிடுகிறோம், எடை இறங்குகிறது, அவ்வளவுதான்.

0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 2.4 வரை ஏற்றுவது வழக்கம். முதல் அளவு உடம்பு பழகுவதற்கு மட்டும், எனவே முதல் மாதம் ஒன்றும் குறையவில்லையே என்று புலம்ப வேண்டாம். எனக்கு ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் குமட்டல் வந்தது, ஊசி போட்ட மறுநாள்தான் மோசம், எண்ணெய் அதிகமாகச் சாப்பிட்டால் அது வயிற்றிலேயே கிடக்கிற மாதிரி இருக்கும், புளித்த ஏப்பம் வேறு. டாக்டரிடம் சொல்லி ஒரு படியில் கூடுதலாகச் சில வாரங்கள் நின்றேன், சரியாயிற்று. மலச்சிக்கல் மட்டும் இன்னும் விட்டபாடில்லை. ஊசி குத்துவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, வயிறு, தொடை என்று இடத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

குறையும் எடையில் கொழுப்போடு தசையும் போகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பசியே இல்லாதபோது புரதம் சாப்பிடுவதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, கூடவே எடை தூக்கும் பயிற்சியும்.

2021இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4. சராசரி என்றால் சராசரிதான், சிலருக்கு ஐந்து சதவீதம்கூடக் குறையாது. இரண்டு ஹார்மோன்கள் வழியாக வேலை செய்யும் டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசிக்கு 2022 ஆய்வில், அதன் உச்ச அளவில், 20.9 வந்தது.

நான் முதலில் போன கிளினிக்கில் ஏதோ சில மாத கோர்ஸ் போலப் பேசினார்கள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. மேலே சொன்ன செமக்ளூடைட் ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பிரஷர் மாத்திரையை விட்டால் பிரஷர் ஏறாதா, அப்படித்தான் இதுவும். தொடங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், குடும்பத்தில் மெடுலரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தால் இது வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். முதுகு வரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் கணையமாக இருக்கலாம், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எனக்கு இப்போது எடை ஒரே இடத்தில் நிற்கிறது. அளவை ஏற்றாமல் இதிலேயே தொடர்கிறேன், குறைத்துப் பார்க்கலாமா என்பதை அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டரோடு பேச வேண்டும்.